கேட்ஸ்பியின் டைம்டேபிள்: அமெரிக்கக் கனவு எந்த இடத்துல கெட்டுச்சு?

'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலைப் பத்தி யார்கிட்ட கேட்டாலும் ரெண்டு விஷயம் சொல்வாங்க. ஒண்ணு பார்ட்டி, இன்னொண்ணு பச்சை விளக்கு. 2013-ல் வந்த படத்தைப் பார்த்தவங்க, "அதுல அமிதாப் பச்சன் கொஞ்ச நேரம் வருவார்"னு சேர்த்துச் சொல்வாங்க. இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கிற ஃபிரெண்ட் யாராவது இருந்தா, "அமெரிக்கக் கனவு கெட்டுப்போனதைப் பத்தின நாவல்"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க.

அந்த வரி சரிதான். ஆனா அதோட நிறுத்திட்டா நாவல் நம்ம கைக்கு வராது. கனவு எந்த இடத்துல கெட்டுச்சு? யார் கெடுத்தாங்க? கனவு கண்டவனா, கனவைக் காட்டினவங்களா? இதுக்கு நாவல் ரொம்ப விவரமா கணக்கு வெச்சிருக்கு. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் சேர்ந்து பார்க்கப் போறோம்.

ஒரு எச்சரிக்கை: முழுக் கதையும் முடிவும் கீழே வருது. நாவலைப் படிச்சுட்டு வரணும்னு நினைக்கிறவங்க இங்கேயே நிறுத்திடலாம். ஒன்பது அத்தியாயம்தான், ஒரு வீக்எண்டுக்குப் போதும். 2021-லிருந்து அமெரிக்காவில் அதன் காப்புரிமையும் முடிஞ்சாச்சு.

முதல்ல, கனவுன்னா என்ன?

'அமெரிக்கக் கனவு' என்ற தொடரைப் பிரபலமாக்கியவர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர். 1931-ல் வெளிவந்த 'தி எபிக் ஆஃப் அமெரிக்கா' என்ற நூலில் அவர் அதை விளக்குகிறார். ஒருவர் எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும், அவருடைய திறமை எந்த அளவுக்கு அனுமதிக்குமோ அந்த உயரத்தை எட்ட முடியவேண்டும் என்பதுதான் அதன் சாரம். காரும் பெரிய சம்பளமும் மட்டும் கனவு ஆகிவிடாது என்றும் அவரே சொல்கிறார்.

இப்போ வருஷத்தைக் கவனிங்க. ஃபிட்ஸ்ஜெரால்டின் நாவல் வந்தது 1925, ஏப்ரல் 10. அதாவது அந்தத் தொடர் பிரபலமாவதற்கு ஆறு வருஷம் முன்னாடி. 'அமெரிக்கக் கனவு' என்கிற சொல் நாவலுக்குள்ள எங்கேயும் கிடையாது. ஊரே அதை நம்பிக்கிட்டு இருந்த காலத்தில், அதற்குப் பெயர் பரவும் முன்பே, அது எங்கே ஒழுகுதுன்னு ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார்.

நம்ம பாஷையில் சொன்னா, கனவு ஒரு சிஸ்டம். இன்புட்: உழைப்பு, திறமை, ஒழுக்கம். அவுட்புட்: பணம், மதிப்பு, நல்ல வாழ்க்கை. அப்பா யார் என்பது அந்தச் சமன்பாட்டில் ஒரு மாறியே கிடையாது. இதுதான் வாக்குறுதி. இந்த சிஸ்டத்தை மூணு ஆட்களை வெச்சு டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற நாவல்னு நான் 'கேட்ஸ்பி'யைப் படிக்கிறேன். அந்த மூணு பேர்: ஜே கேட்ஸ்பி, டாம் புக்கானன், ஜார்ஜ் வில்சன்.

கதை, சுருக்கமா

1922 கோடைக்காலம். இடம், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட். கதை சொல்பவன் நிக் காரவே. யேலில் படித்து, முதல் உலகப் போருக்குப் போய்வந்து, பத்திர வியாபாரம் கத்துக்கலாம்னு மிட்வெஸ்ட்டிலிருந்து வந்தவன். வெஸ்ட் எக் என்ற ஊரில், மாசம் 80 டாலர் வாடகையில் ஒரு சின்ன வீடு எடுக்கிறான். பக்கத்து மாளிகையில் இருப்பவன் கேட்ஸ்பி. வாராவாரம் நூற்றுக்கணக்கான பேர் அங்கே விருந்துக்கு வர்றாங்க. பாதிப் பேருக்கு விருந்து தருபவன் யாருன்னே தெரியாது.

வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் எக். அங்கே நிக்கின் உறவுக்காரி டெய்சியும் அவள் கணவன் டாமும் வாழ்கிறார்கள். 1917-ல் கேட்ஸ்பி ராணுவ அதிகாரியா லூயிவில் நகரத்தில் இருந்தபோது அவனும் டெய்சியும் காதலிச்சாங்க. அவன் கையில் காசு இல்ல. போருக்குப் போனான். அவன் திரும்புறதுக்குள்ள 1919 ஜூனில் அவள் டாமைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அவளை மீட்கத்தான் கேட்ஸ்பி பணம் சேர்த்தான், அவள் வீட்டுக்கு நேர் எதிரே மாளிகை வாங்கினான். அவள் வீட்டுப் படகுத்துறையின் முனையில் எரியும் விளக்குதான் அந்தப் புகழ்பெற்ற பச்சை விளக்கு.

இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். டாமுக்கு விஷயம் தெரிகிறது. பிளாசா ஹோட்டல் அறையில் பெரிய மோதல். திரும்பி வரும்போது டெய்சி ஓட்டிய கேட்ஸ்பியின் மஞ்சள் கார், டாமின் கள்ளக்காதலி மிர்ட்டில் மேல் மோத, அவள் அங்கேயே சாகிறாள். காரை ஓட்டினது தானேன்னு பழியை ஏத்துக்க கேட்ஸ்பி தயாரா இருக்கான். அது யார் காருன்னு மிர்ட்டிலின் கணவன் வில்சனிடம் சொல்லி அனுப்புகிறான் டாம். வில்சன் கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொள்கிறான்.

கதை அவ்ளோதான். இனி டெஸ்ட்.

டெஸ்ட் 1: கேட்ஸ்பி, அந்த டைம்டேபிளோட

கடைசி அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் அப்பா ஹென்றி கேட்ஸ், மகனைப் புதைக்க மினசோட்டாவிலிருந்து வருகிறார். கையில் ஒரு பழைய கதைப் புத்தகம். மகன் சின்ன வயசில் வெச்சிருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் 1906, செப்டம்பர் 12 என்று தேதி போட்டு ஒரு டைம்டேபிள். காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கணும். அப்புறம் டம்பெல் பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு, வேலை, விளையாட்டு, பேச்சுப் பயிற்சி, உலகத்துக்குத் தேவையான கண்டுபிடிப்புகளைப் பற்றி யோசிக்க ராத்திரி ரெண்டு மணி நேரம். கீழே சில உறுதிமொழிகள்: நேரத்தை வீணாக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, வாரம் இவ்வளவு சேமிக்கணும், அப்பா அம்மாகிட்ட இன்னும் நல்லபடியா நடந்துக்கணும். சேமிப்புத் தொகையை முதலில் அஞ்சு டாலர்னு எழுதி, அடிச்சுட்டு, மூணுன்னு மாத்தியிருக்கான். அந்த அடித்தல்தான் எனக்கு இந்த நாவலிலேயே ரொம்பப் பிடிச்ச இடம். ஒரு ஏழை வீட்டுப் பையன் தன் பட்ஜெட்டை நேர்மையா ஒரு தடவை சரிபார்த்திருக்கான்.

இந்த டைம்டேபிளைப் பார்த்ததும் அமெரிக்க வாசகர்களுக்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஞாபகம் வரும். மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்பவரின் மகனாகப் பிறந்து, 17 வயதில் பாஸ்டனைவிட்டு ஓடி, அச்சுத்தொழில் செய்து, நாட்டின் தந்தைகளில் ஒருவராக உயர்ந்தவர். தன் சுயசரிதையில் மணிவாரியாக நாள் அட்டவணையும், 13 நற்பண்புகளின் பட்டியலும் போட்டு வெச்சிருக்கார். மின்சார ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றவர். பையன் மின்சாரம் படிக்க மணி ஒதுக்கினது சும்மா இல்ல. ஜேம்ஸ் கேட்ஸ் என்ற விவசாயி மகன் தன்னை ஜே கேட்ஸ்பின்னு மாத்திக்கிட்டதும் 17 வயசுலதான்.

இப்போ முக்கியமான கேள்வி. அந்த டைம்டேபிளுக்கும் இந்த மாளிகைக்கும் நடுவில் ஒரு ஒயராவது ஓடுதா?

பணம் வந்த வழியைப் பாருங்க. முதல் வாய்ப்பு டான் கோடி என்ற தாமிரச் சுரங்கக் கோடீஸ்வரர். அவருடைய உல்லாசப் படகு சுப்பீரியர் ஏரியில் ஆபத்தான இடத்தில் நங்கூரம் போட்டிருந்தது. பையன் துடுப்புப் படகில் போய் எச்சரிச்சான். அவருக்கு அவனைப் பிடிச்சுப்போச்சு, கூட வெச்சுக்கிட்டார். இது அதிர்ஷ்டம். கோடி சாகும்போது அவனுக்கு 25,000 டாலர் எழுதி வைக்கிறார். அது அவன் கைக்கு வரல. ஏதோ ஒரு சட்ட நுணுக்கம், மொத்தமும் கோடியின் காதலி எல்லா கேய்க்குப் போயிடுது. சட்டம் யார் பக்கம் சாயும்னு அவனுக்குக் கிடைச்ச முதல் பாடம் அது.

அதற்கு முன்னாடி ஒரு சின்னச் செய்தி வருது, வேகமா படிச்சா தவறிப்போகும். செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் துப்புரவு வேலை செஞ்சுக்கிட்டே படிக்கலாம்னு சேர்ந்தான், ரெண்டே வாரத்தில் விட்டுட்டான். அந்த வேலை அவனுக்குக் கேவலமா பட்டுச்சு. ஆக, மெதுவான பாதை ஒண்ணு அவன் முன்னாடியும் இருந்தது. அதை விட்டு அவனே விலகினான். கேட்ஸ்பியை முழுசா பாவப்பட்டவனா காட்ட ஃபிட்ஸ்ஜெரால்ட் விரும்பலை.

போர் முடிஞ்சு வந்தபோது அவன் மேஜர், நெஞ்சில் பதக்கங்கள். ஆனா சாதாரண உடை வாங்கக்கூட காசு இல்லாம ராணுவச் சீருடையிலேயே சுத்துறான். ரெண்டு நாளா சாப்பிடல. வேலை கேட்டு ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள்ள போறான். அங்கேதான் மேயர் உல்ஃப்ஷைம் அவனைப் பார்க்கிறான். 1919 பேஸ்பால் உலகத் தொடரில் ஆட்டத்தை விலைபேசினவன்னு நாவல் அறிமுகப்படுத்துற சூதாட்டக்காரன். அந்தத் தொடரில் அப்படி ஒரு ஊழல் உண்மையிலேயே நடந்தது. உல்ஃப்ஷைமுக்கு முன்மாதிரி ஆர்னால்ட் ராத்ஸ்டீன் என்ற நியூயார்க் சூதாட்டக்காரர் என்பார்கள்.

அப்புறம் பணம் ஓடி வருது. 1920 ஜனவரியிலிருந்து அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு, 1933 டிசம்பர் வரைக்கும். டாக்டர் சீட்டு இருந்தா மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம்னு ஒரு சட்டச் சந்து இருந்தது. கேட்ஸ்பியும் உல்ஃப்ஷைமும் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் சந்துபொந்து மருந்துக் கடைகளை வாங்கி, கவுண்டரிலேயே சாராயம் வித்தாங்கன்னு டாம் போட்டு உடைக்கிறான். கேட்ஸ்பி செத்த பிறகு வரும் ஒரு ஃபோன் அழைப்பிலிருந்து, களவுப் பத்திர வியாபாரமும் நடந்தது தெரியுது. அந்த மாளிகைக்கான பணத்தைச் சேர்க்க மூணு வருஷம்தான் ஆச்சுன்னு கேட்ஸ்பியே ஒரு தடவை உளறிடுறான்.

ஆறு மணிக்கு எழுந்ததோ, மின்சாரம் படிச்சதோ, வாரம் மூணு டாலர் சேர்த்ததோ இதுல எங்கேயும் பயன்படல. அவனுடைய ஒழுக்கம் உண்மை, உழைப்பு உண்மை, திறமையும் உண்மை. ஆனா அவுட்புட் வந்தது வேற சர்க்யூட்டிலிருந்து. அப்பாவுக்கு அது தெரியாது. டைம்டேபிளைக் காட்டி, மகன் முன்னேறியே தீருவான்னு இது அப்பவே சொல்லிடுச்சேன்னு பெருமைப்படுகிறார். பிணம் வீட்டில் கிடக்கிறது. அந்த அட்டவணையை நாவலாசிரியர் முதல் அத்தியாயத்தில் வைக்காம இங்கே கொண்டுவந்து வெச்சதுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன். எல்லா உண்மையும் தெரிஞ்ச பிறகு அதைப் படிக்கும்போது, ஒவ்வொரு வரியும் வலிக்குது.

டெஸ்ட் 2: டாம் புக்கானன்

டாம் என்ன வேலை செய்கிறான்? நாவல் முழுக்கத் தேடிப் பாருங்க, பதில் கிடைக்காது. யேலில் ஃபுட்பால் ஆடினான். போலோ ஆடும் குதிரைகளை மந்தையாகக் கிழக்கே கொண்டுவந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் டெய்சிக்கு 3,50,000 டாலர் மதிப்புள்ள முத்துமாலை கொடுத்தான். அவ்ளோதான் அவன் பயோடேட்டா. இன்புட் பூஜ்யம், அவுட்புட் முழுசு.

இங்கேதான் ஈஸ்ட் எக், வெஸ்ட் எக் வித்தியாசம் வருது. நடுவுல கொஞ்சம் தண்ணி, அவ்ளோதான் தூரம். ஆனா கிழக்கில் இருப்பது பரம்பரைப் பணம், மேற்கில் இருப்பது புதுப் பணம். 1922-லிருந்து 1924 வரை ஃபிட்ஸ்ஜெரால்ட் குடியிருந்த கிரேட் நெக் பகுதிதான் வெஸ்ட் எக்குக்கு முன்மாதிரி. எதிர்க்கரையில் பழைய பணக்காரர்களின் தோட்ட மாளிகைகளை அவர் தினமும் பார்த்திருப்பார்.

புதுப் பணத்துக்கு எல்லாம் கிடைக்கும், ஏற்பு மட்டும் கிடைக்காது. கேட்ஸ்பியின் நூலகக் காட்சியை எடுத்துக்கோங்க. ஆந்தைக் கண் மாதிரிப் பெரிய கண்ணாடி போட்ட ஒரு விருந்தாளி, அலமாரியில் இருப்பவை அட்டையில் செஞ்ச போலின்னு நினைச்சு எடுத்துப் பார்க்கிறார். நிஜப் புத்தகங்கள்! ஆனா பக்கங்கள் வெட்டப்படல. அந்தக் காலத்தில் பல புத்தகங்களில் மடிச்ச தாள்களின் ஓரம் ஒட்டியே இருக்கும், வாசிக்கிறவங்கதான் கத்தியால் வெட்டிப் பிரிக்கணும். வெட்டலைன்னா யாரும் படிக்கலைன்னு அர்த்தம். பொய்யும் இல்ல, முழு நிஜமும் இல்ல. கேட்ஸ்பியே அப்படித்தான்.

டாம் அவனை வீழ்த்தப் பயன்படுத்துற ஆயுதங்களைக் கவனிங்க. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவனா இவன், போட்டிருப்பது பிங்க் சூட் ஆச்சே, என்கிறான். எங்கிருந்தோ வந்த பேர் தெரியாத ஆள் என்கிறான். கடைசியாத்தான் சாராய விஷயம். டாம் ஒண்ணும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் இல்ல, அவனே வீட்டிலிருந்து விஸ்கி பாட்டிலைத் துண்டில் சுத்தி ஹோட்டலுக்குக் கொண்டுவந்தவன். குடிக்கிறவன் கனவான், விக்கிறவன் குற்றவாளி. டெய்சி பின்வாங்குவதும் அந்த நிமிஷத்தில்தான்.

டாமுக்கு இன்னொரு பயம் உண்டு. வெள்ளை இனத்தை மத்தவங்க மூழ்கடிச்சிடுவாங்கன்னு ஒரு புத்தகத்தைப் படிச்சுட்டு முதல் அத்தியாயத்திலேயே புலம்புறான். இது கற்பனை இல்ல. லாத்ராப் ஸ்டாடர்ட் 1920-ல் வெளியிட்ட இனவாத நூல் ஒன்றை நினைவுபடுத்தத்தான் ஃபிட்ஸ்ஜெரால்ட் இதை எழுதினார். அதே வருஷங்களில் நம்ம நாட்டிலிருந்து போன ஒருத்தருக்கு என்ன நடந்ததுன்னு பாருங்க. பகத் சிங் திந்த் பஞ்சாபிலிருந்து போனவர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர், கேட்ஸ்பி மாதிரியே அந்தச் சீருடை போட்டவர். 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டம் சொல்கிற 'வெள்ளையர்' வகையில் இந்தியர் வரமாட்டார், அதனால் அவருக்குக் குடியுரிமை இல்லைன்னு தீர்ப்பு சொன்னது. 1924 குடியேற்றச் சட்டம் பெரும்பாலான ஆசியர்களுக்குக் கதவையே மூடியது. திந்துக்குக் கடைசியில் குடியுரிமை கிடைத்தது 1936-ல். அப்பா யார் என்பது மாறியே இல்லைன்னு சொன்ன சமன்பாட்டில், பிறப்பு எப்பவுமே ஒரு மாறியா ஒளிஞ்சு இருந்தது.

டெஸ்ட் 3: ஜார்ஜ் வில்சன்

பெரும்பாலான கட்டுரைகள் வில்சனை, கேட்ஸ்பியைச் சுட்டவன் என்ற ஒரே வரியில் கடந்துடும். எனக்கு இந்த நாவலின் மையமே அவன்தான்னு தோணுது.

லாங் ஐலண்டிலிருந்து நியூயார்க் போகும் வழியில் ஒரு சாம்பல் பள்ளத்தாக்கு வருது. நகரத்து அடுப்புகளின் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டும் இடம். இதுவும் நிஜ இடம்தான்: குயின்ஸ் பகுதியில் இருந்த கொரோனா சாம்பல் மேடு. புரூக்ளினின் சாம்பல் ரயிலில் வந்து அங்கே கொட்டப்பட்டது. பின்னாடி அதைச் சமன்படுத்தி, 1939 உலகக் கண்காட்சியை அங்கேதான் நடத்தினாங்க. இன்னைக்கு யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் நடக்கும் பூங்கா அதே நிலத்தில்தான் இருக்கு. டிவியில் அடுத்த தடவை பார்க்கும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்தச் சாம்பலுக்கு நடுவில் வில்சனின் மெக்கானிக் ஷெட். உள்ளே தூசி படிஞ்ச ஒரே ஒரு உடைஞ்ச ஃபோர்டு. முக்கியப் பாத்திரங்களில் கையால வேலை செஞ்சு சாப்பிடுற ஆள் இவன்தான். கல்யாணத்துக்கே இன்னொருத்தரின் சூட்டைக் கடன் வாங்கிப் போட்டவன். அதற்காகவே மனைவி அவனை மதிக்கல. அவனுக்கும் ஒரு கனவு உண்டு. டாம் தன் பழைய காரை வித்தால், அதை வாங்கி மறுபடி வித்து, வர்ற காசில் மனைவியோட மேற்கே போயிடணும். நூறு வருஷமா அமெரிக்கர்கள் கனவு தேடிப் போன திசை மேற்குதான். டாம் தரேன் தரேன்னு இழுத்தடிக்கிறான், அதை ஒரு சாக்கா வெச்சு அந்த ஷெட்டுக்கு வந்துபோறான். வந்துபோறது மிர்ட்டிலைப் பார்க்க.

உழைப்பு இருக்கு, நேர்மை இருக்கு, கிடைச்சது சாம்பல். கனவின் சமன்பாட்டை அப்படியே பின்பற்றினவனின் ரிசல்ட் இது.

அந்தப் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு கண் டாக்டரின் பழைய விளம்பரப் பலகை: டி. ஜே. எக்கல்பர்க். கண்ணாடி மாட்டிய ரெண்டு பெரிய கண்கள் மட்டும். மனைவி செத்த ராத்திரி, கடவுள் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருக்கார்னு அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்கிறான் வில்சன். அது வெறும் விளம்பரம்பான்னு பக்கத்துக் கடைக்காரன் திருத்துறான். இந்த இடத்தைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதலாம், ஆனா நாவலே ரெண்டு வரியில் சொல்லிட்டுப் போயிடுது. நம்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளம்பரம் நிக்குது.

அப்போ டெய்சி?

டெய்சியை வில்லி ஆக்குறது சுலபம். ஆனா கேட்ஸ்பி அவளிடம் கேட்டது என்னன்னு பாருங்க. டாமை விட்டு வந்தா மட்டும் போதாது. டாமை ஒருநாளும் காதலிச்சதே இல்லைன்னு அவன் முகத்துக்கு நேரா சொல்லணும். அஞ்சு வருஷத்தை அழிச்சுத் தரணும். எந்த மனுஷியாலும் செய்ய முடியாத காரியம் அது. அவளாலும் முடியல.

கேட்ஸ்பி பக்கம் இருக்கிற கேடு இங்கேதான் தெரியுது. டைம்டேபிள் எழுதின பையனுக்குத் தான் ஏதோ ஒண்ணா ஆகணும்னு ஆசை. மாளிகை வாங்கின மனுஷனுக்கு எதையோ வாங்கணும்னு ஆசை. இடையில் கனவின் வினைச்சொல்லே மாறிப்போச்சு. டெய்சியின் குரலில் அவனுக்குப் பணம்தான் கேட்குது. அவன் விலையுயர்ந்த சட்டைகளை அள்ளி அள்ளிப் போட, அவள் அந்தக் குவியலில் முகம் புதைச்சு அழுகிறாள். ரெண்டு பேரும் காதலைப் பேச வேற மொழி தெரியாதவங்களா ஆயிட்டாங்க.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இது தூரத்துக் கதை இல்ல. 1918-ல் ராணுவத்தில் இருந்தபோது அலபாமாவில் ஜெல்டா சேயரைச் சந்தித்தார். அவருடைய வருமானத்தில் நம்பிக்கை வராமல் 1919-ல் ஜெல்டா நிச்சயத்தை முறித்தார். 1920 மார்ச்சில் அவருடைய முதல் நாவல் வந்து வெற்றி பெற்றது, ஏப்ரல் தொடக்கத்திலேயே கல்யாணம். ஆக, அவருக்குக் கனவு பலிச்சது. பலிச்ச பிறகு அஞ்சு வருஷத்தில் எழுதினதுதான் இந்தப் புத்தகம்.

பில் யாருக்கு?

கடைசிக் கணக்கைப் பார்த்துடலாம். மிர்ட்டில், கேட்ஸ்பி, வில்சன்: மூணு சாவு. மூணு பேருமே கீழேயிருந்து மேலே போக ஆசைப்பட்டவங்க. டாமும் டெய்சியும் பெட்டி கட்டிக்கொண்டு, முகவரி கூடத் தராமல் கிளம்பிட்டாங்க. ஒரு பூங்கொத்து இல்ல, ஒரு தந்தி இல்ல.

நூற்றுக்கணக்கான பேர் வந்துபோன வீட்டின் சொந்தக்காரனுடைய இறுதிச் சடங்குக்கு வந்தவங்க: அப்பா, நிக், சில வேலைக்காரர்கள், ஊர்த் தபால்காரர், அந்த ஆந்தைக் கண்ணாடிக்காரர். மாசக்கணக்கில் அங்கேயே தங்கிச் சாப்பிட்ட கிளிப்ஸ்பிரிங்கர் ஃபோன் பண்றான், துக்கம் விசாரிக்க இல்ல. விட்டுட்டுப் போன தன் டென்னிஸ் ஷூவை அனுப்பி வைக்கச் சொல்லி.

நாவலுக்குக் கடைசி நேரத்தில் 'அண்டர் தி ரெட், ஒயிட் அண்ட் புளூ' என்று பெயர் மாற்ற ஃபிட்ஸ்ஜெரால்ட் விரும்பினார். அமெரிக்கக் கொடியின் நிறங்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஆனா அவர் யார் மேல் கேஸ் போட்டார்னு அந்தத் தலைப்பிலேயே தெரியுது.

புத்தகம் அவர் எதிர்பார்த்தபடி விற்கல. 1925-லேயே 3,000 பிரதிகள் இரண்டாம் அச்சு போட்டாங்க. 1940 டிசம்பரில், 44 வயதில் அவர் இறக்கும்போது அதில் சில பிரதிகள் இன்னும் கிடங்கில் கிடந்தன. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காகச் சுமார் 1,55,000 பிரதிகள் இலவசமாக அனுப்பப்பட்டன. அதற்குப் பிறகுதான் அது எல்லோரும் படிக்கும் நாவலாக ஆச்சு.

ஒரு கிராஃபும் சில கேள்விகளும்

2012 ஜனவரியில், அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த ஆலன் க்ரூகர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதற்கு 'கிரேட் கேட்ஸ்பி வளைவு' என்று பெயர். தரவு மைல்ஸ் கோராக் என்ற பொருளாதார அறிஞருடையது. எக்ஸ் அச்சில் ஒரு நாட்டின் வருமான ஏற்றத்தாழ்வு. ஒய் அச்சில் அப்பாவின் வருமானம் மகனுடைய வருமானத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்ற எண். பூஜ்யம்னா அப்பா யாருன்னு கவலையே இல்ல, ஒண்ணுன்னா அப்பாவின் இடம்தான் மகனின் இடம். கோராக்கின் கணக்கில் டென்மார்க்குக்குச் சுமார் 0.15, அமெரிக்காவுக்குச் சுமார் 0.47. ஏற்றத்தாழ்வு கூடுதலா இருக்கிற நாடுகளில் பொதுவா அந்த எண்ணும் கூடுதலா இருக்கு. கனவின் சொந்த ஊரில், ஏணியின் படிகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம்.

"அப்போ உழைச்சு என்ன பிரயோஜனம், டைம்டேபிளைக் கிழிச்சுப் போட்டுடலாமா?" என்று கேட்டா, நாவல் அப்படிச் சொல்லல. எல்லோரையும் விட கேட்ஸ்பியிடம்தான் ஏதோ ஒரு மேன்மை இருந்ததுன்னு நிக் கடைசிவரை நம்புறான். ஆசைப்படும் திறன், நம்பும் திறன், அது கேட்ஸ்பிக்கு மட்டும்தான் இருந்தது. அதை அந்த ஊர் எதுல கொண்டுபோய்ச் செலவழிக்க வெச்சதுங்கிறதுதான் நாவலின் கோபம்.

பிளேஸ்மென்ட் சீசனில் ஹாஸ்டல் சுவரில் ஒரு டைம்டேபிள் ஒட்டாதவங்க நம்மள்ல குறைவு. ஒட்டுறது தப்பில்ல. ஜெயிச்சவங்களைப் பார்த்து, "அவங்க உழைச்சாங்க, அதனால ஜெயிச்சாங்க"ன்னும், தோத்தவங்களைப் பார்த்து, "அவங்க உழைக்கல"ன்னும் தீர்ப்பு எழுதும்போதுதான் தப்பு ஆரம்பிக்குது. அந்தத் தீர்ப்பு டாமுக்கு ரொம்ப வசதியானது. வில்சன் அதுல கணக்கிலேயே வரமாட்டான்.

நாவலைக் கையில் எடுத்தா இந்த நாலு கேள்விகளோட படிச்சுப் பாருங்க:

1. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பணம் எங்கிருந்து வருது? ஒரு தாளில் எழுதிக்கிட்டே போங்க.
2. விருந்துக் காட்சிகளில் வேலை செய்றவங்க எங்கெங்கே தெரியறாங்க? வெள்ளிக்கிழமை அஞ்சு கூடை பழம் வருது, திங்கட்கிழமை தோல் மலையா வெளியே போகுது. சுத்தம் பண்றது யார்?
3. கார் ஓட்டும் காட்சிகளில் யார் கவனமா ஓட்டுறாங்க, யார் இல்ல? விபத்துக்கு விலை கொடுக்கிறது யார்?
4. நிக் நேர்மையான ஆள்னு அவனே சொல்லிக்கிறான். அவனை எவ்வளவு நம்பலாம்? விபத்துக்குப் பிறகு டெய்சியைப் பற்றிய உண்மை தெரிஞ்சும் அவன் யாரிடமும் சொல்லல.

நாலாவது கேள்விக்கு என்கிட்ட இன்னும் தெளிவான பதில் இல்ல. படிச்சவங்க சொல்லுங்க.